கணவாயின் சுங்கம்

நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் சூட்டியவர்கள் தமிழ் மக்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கடலோர மக்கள் மேல்திசைக் காற்றைக் கச்சான் என்றும் வழங்குவர். புலவர் பெருமக்கள் தென்றலை வாயாரப் புகழ்ந்தனர். வாடையை மனமார நொந்தனர். மேல்காற்றின் இயல்பை நன்கறிந்தவர்களோ ஏட்டில் எழுதும் பழக்கம் இல்லாதவர்கள். ஆனியிலும் ஆடியிலும் அதனை எதிர்த்து மிதிவண்டி மிதித்து வேலைக்குச் சென்று திரும்பும் எளிய மக்களே அவர்கள். அவர்கள் செல்லும் ஒரு சாலையைப் பற்றியே இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களோடு பேச விழைகிறோம்.

அச்சாலை ஆரல்வாய்மொழிக் கணவாய்ச் சாலை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே குமரிமுனையை நெருங்கும் முன்னர், சற்றே இடைவெளி விட்டு நிற்கும் இடம் அது. வடக்கே 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது மகேந்திரகிரி. தெற்கே சிறு குன்றுகள் தொடர்கின்றன. கணவாய்க்கு மேற்கே நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் குளங்களும், தோவாளையின் பூந்தோட்டங்களும் கண்ணைக் குளிர்விக்கின்றன. கிழக்கே முப்பந்தலைக் கடந்து காவல்கிணறு சென்றால், செம்மண்ணும் பனையும் உடைமரமும் நிறைந்த வறண்ட நெல்லைச் சீமை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. பேருந்தில் கண்ணயர்ந்து செல்பவர் விழித்துப் பார்த்தால், வேறொரு நாட்டிற்கு வந்துவிட்டோமோ என்று மயங்குவர்.

முற்காலத்தில் அது உண்மையிலேயே வேறொரு நாடுதான். திருவிதாங்கூர் அரசின் கீழ்வாசல் இக்கணவாய். இங்கே மதிலும் காவலும் இருந்தன, சுங்கச்சாவடியும் இருந்தது. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆங்கிலேயப் படை இவ்வரண்களைக் கைப்பற்றியே திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை அகன்றது, சாவடியும் இல்லை. 1981-இல் நாகர்கோவில் – திருநெல்வேலி இருப்புப்பாதையும் இக்கணவாயின் வழியே வந்துவிட்டது. ஆயினும் ஒரு சுங்கம் மட்டும் இன்றுவரை ஒழியவில்லை. அதைத் தண்டுபவன் காற்று. மகிழுந்தில் போகிறவரிடம் அவன் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் உணர்வதில்லை. மிதிவண்டியில் போகிறவரிடம் தவறாமல் கேட்கிறான்.

காற்றின் பிறப்பு

இங்கு மட்டும் இத்துணைக் காற்று எங்கிருந்து வருகிறது? சூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையை எட்டுகிறது. கடலிலிருந்து வரும் அக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நின்று தடுக்கிறது. தடுக்கப்பட்ட காற்று மேலெழுந்து குளிர்ந்து மலைக்கு மேற்கே மழையாகப் பொழிகிறது. ஆனால் சுவரில் வாயில்கள் உள்ளன. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் என்பனவே அவ்வாயில்கள். அகன்ற ஆறு குறுகிய பாலத்தின் கண் வழியே செல்லும்போது விரைவு மிகுவதைக் கண்டிருக்கிறோம் அன்றோ? அதுபோலவே பரந்த காற்று இவ்வாயில்களில் நெருங்கி நுழையும்போது சீற்றம் கொள்கிறது. கிழக்கே வெயிலில் காய்ந்த நிலம் சூடேறி, அங்குள்ள காற்று மேலெழுவதால், அவ்விடத்தை நிரப்பவும் இக்காற்று விரைகிறது. அதனால் விடியற்காலையில் ஓரளவு அடங்கியிருக்கும் காற்று, வெயில் ஏற ஏற வலுத்துப் பிற்பகலில் உச்சத்தை அடைகிறது. மே மாதத்தில் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓய்வில்லை. சாலையோர உடைமரங்களைப் பாருங்கள். ஆண்டாண்டாகக் காற்று தள்ளிய திசையிலேயே அவற்றின் கிளைகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து நிற்பதைக் காணலாம்.

மூவேந்தரும் பந்தலிட்டுக் கூடிய இடம் என்று செவிவழிக் கதை கூறும் முப்பந்தலில், இன்று ஆயிரக்கணக்கான காற்றாலைகள் கூடி நிற்கின்றன. 1990-களில் அவை வரிசை வரிசையாக எழுந்தன. தொடக்கத்தில் நிறுவப்பட்டவை 225, 250 கிலோவாட் திறனுடைய சிறிய இயந்திரங்கள். பின்னர் வந்தவை அவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. முப்பந்தலையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்துச் சுமார் 1,500 மெகாவாட் திறன் என்பர். நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் இது ஒன்று. காற்றின் விரைவு இரட்டித்தால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது என்பது இயற்பியல் விதி. எனவே ஆடிக்காற்று காற்றாலை உடையவருக்கு அறுவடைக் காலம். ஒரு வசதியையும் அவ்வியந்திரத்திற்குச் செய்து வைத்திருக்கிறார்கள். காற்று மணிக்கு 90 கிலோமீட்டரை எட்டினால் அது தானே நின்றுவிடும், தன்னைக் காத்துக்கொள்ளும். அதன் நிழலில் மிதிவண்டி மிதிப்பவருக்கு அவ்வசதி இல்லை. அவர் நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும்.

மாலைக் கணக்கு

கணவாயைச் சூழ்ந்த ஊர்களில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோர் இன்றும் உண்டு. செங்கல் சூளைக்குச் செல்வோர், தோவாளைப் பூத்தோட்டங்களில் வைகறையிலேயே பூக்கொய்யச் செல்வோர், கொத்தனார், சித்தாள், காற்றாலை வளாகங்களின் இரவுக் காவலாளி, உணவகத்தில் பாத்திரம் துலக்கும் அம்மா எனப் பலர். ஊர் விட்டு ஊர் வந்து சூளையில் தங்கி உழைப்போரும் கடைவீதிக்குச் செல்லப் பழைய வண்டியொன்றை வாங்கிக்கொள்கின்றனர். இவர்கள் அனைவரும் காற்றோடு ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். அதனை நமக்கு விளக்கியவர், நாற்பது ஆண்டுகளாக இவ்வழியே வேலைக்குச் செல்லும் கொத்தனார் ஒருவர். ஆனி மாத மாலையொன்றில், சாலையோரத் தேநீர்க் கடையின் கிழக்குச் சுவரை அணைந்து வண்டியைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரது வீடு கணவாய்க்கு மேற்கே, வேலை கிழக்கே.

"சாமி, காலையில எதிர்காத்துல போறவன் பாக்கியசாலி" என்றார் அவர். "உடம்பு புதுசா இருக்கும்லா? கொடுக்க வேண்டியத அப்பவே கொடுத்துருவான். சாயந்தரம் பின்காத்துல மெதந்துகிட்டே வீட்டுக்கு வந்துருவான். எங்க கத அப்படி இல்ல. காலையில மிதிக்காமலே கொண்டு விட்டுரும். சாயந்தரம் ஒடம்புல ஒண்ணும் மிச்சமில்லாத நேரத்துல, வட்டியோட கேக்கும்."

அம்மூதறிஞரின் கூற்றில் எத்துணைப் பொருள்! கணவாய்க்குக் கிழக்கே குடியிருந்து மேற்கே உழைப்பவர் காலையில் சுங்கம் கட்டுகிறார். மேற்கே குடியிருந்து கிழக்கே உழைப்பவர் மாலையில் கட்டுகிறார். ஆனால் இருவரும் கட்டுவது ஒரே தொகை அன்று. மாலையில் காற்று வலுக்கிறது, மனிதன் தளர்கிறான். நாள் முழுதும் சாந்துச் சட்டி சுமந்த தோளும் செங்கல் அடுக்கிய முதுகும் கொண்டு அவ்வெதிர்காற்றில் வண்டி மிதிப்பது எளிதன்று.

அவர் சொன்ன வட்டியைச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தோம். காற்று அசையாத நாளில் ஒருவர் மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் மிதிப்பதாகக் கொள்வோம். அவர் முகத்தில் மோதும் காற்றின் விரைவும் 15. எதிரே 30 கிலோமீட்டர் விரைவில் காற்று வீசினால், அதே விரைவில் செல்ல விரும்புபவர் முகத்தில் 45 கிலோமீட்டர் விரைவில் காற்று மோதும். அதாவது மூன்று மடங்கு. காற்றின் எதிர்ப்போ விரைவின் இருமடிக்கேற்ப வளர்வது. எனவே தடை ஒன்பது மடங்காகிறது! அத்தடையை எவரும் நெடுநேரம் தாங்கவியலாது. ஆதலின் விரைவு தானே குறைந்து, நடப்பவரின் விரைவுக்கு இறங்கிவிடுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டராக ஊர்ந்தாலும் தடை ஐந்து மடங்குக்கு மேல் நிற்கிறது. காலையில் அரை மணியில் கடந்த சாலையை மாலையில் ஒன்றரை மணி நேரம் மிதிக்க நேர்வதன் காரணம் இதுவே. வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் மனைவிக்கும், பாடப் புத்தகத்தை விரித்துவிட்டு வாசலையே பார்க்கும் பிள்ளைக்கும் அந்த ஒரு மணி நேரம் மிக நீளமானது.

காற்றிடம் கற்ற பாடம்

பள்ளியில் இயற்பியல் பயிலாத இம்மக்கள், காற்றோடு வாழும் கலையைப் பயின்றிருக்கின்றனர். இருக்கையைச் சற்றுத் தாழ்த்தி வைத்து, முன்னோக்கிக் குனிந்து மிதிப்பார்கள். சட்டைப் பொத்தான்களை மேல்வரை மாட்டி, வேட்டியையோ லுங்கியையோ இறுக மடித்துக் கட்டுவார்கள். காற்றில் விரியும் துணி கப்பற்பாய் போலாகிப் பின்னே இழுக்கும் என்பதை அறிவார்கள். தூக்குவாளியை ஹேண்டில் பாரில் தொங்கவிடாமல் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். தொங்கும் சுமை காற்றில் ஆடினால் முன்சக்கரமும் ஆடும் அன்றோ? மணற்புழுதி பறக்கும் காலத்தில் சங்கிலிக்கு எண்ணெயைக் குறைத்தே இடுவார்கள். எண்ணெய் மிகுந்தால் புழுதியைப் பற்றிக்கொண்டு பல்சக்கரத்தை அரித்துவிடும். கண்ணில் தூசி விழாதிருக்கச் சிலர் பழைய மூக்குக்கண்ணாடி அணிவதையும், பெண்கள் முந்தானையைத் தலையைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்வதையும் காணலாம்.

எல்லாவற்றிலும் மேலான பாடம் ஒன்று உண்டு. மாலையில் வேலை முடிந்ததும் ஒருவரும் தனியே புறப்படுவதில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் செல்கின்றனர். முன்னே செல்பவர் காற்றைக் கிழித்து வழி விடுகிறார். அவர் முதுகின் மறைவில் பின்னால் வருபவர் இளைப்பாறுகிறார். முன்னவர் களைத்தால் விலகிப் பின்னே வருவார், அடுத்தவர் முன்னேறுவார். பின்னால் நெருங்கி மிதிப்பவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது என்று மிதிவண்டிப் பந்தய ஆய்வாளர் அளந்து கூறியுள்ளனர். நம் மக்கள் அதை அளக்கவில்லை, ஆனால் பகிர்ந்துகொள்கின்றனர். வயதானவரும், கருவுற்ற சித்தாளும், உடல்நலம் குன்றியவரும் ஒருபோதும் முன்னே நிறுத்தப்படுவதில்லை. அவர்களுக்கு வரிசையின் நடுவிடம் என்பது எழுதப்படாத சட்டம். குடும்பமாயினும் பங்காயினும் கூடி வாழ்வது எப்படி என்று அறிய விரும்புவோர், ஆடி மாத மாலையில் அச்சாலையோரம் சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும்.

குறுக்குக்காற்று

எதிர்காற்றைவிட அஞ்சத்தக்கது குறுக்குக்காற்று. எதிர்காற்று களைப்பையே தரும். குறுக்குக்காற்று உயிருக்கே உலை வைக்கும். காவல்கிணற்றிலிருந்து வடக்கே பணகுடிக்கும் தெற்கே குமரிமுனைக்கும் செல்லும் நான்குவழிச் சாலையில் மேல்காற்று பக்கவாட்டில் அறைகிறது. வடக்கு நோக்கிச் செல்பவர் சாலையின் இடப்புறமாகிய மேற்கு ஓரத்தில் செல்கிறார். காற்று அவரை வலப்புறமாக, விரைந்து வரும் வாகனங்களின் பாதைக்கே தள்ளுகிறது. தெற்கு நோக்கிச் செல்பவரின் நிலை வேறு. காற்றுக்கு ஈடுகொடுக்க அவர் வலப்புறம் சற்றே சாய்ந்து மிதிக்கிறார். அப்போது பெரிய சரக்குந்து ஒன்று அவரைக் கடந்தால், அதன் உயர்ந்த பக்கச்சுவர் காற்றை ஒருகணம் முழுவதும் மறைத்துவிடுகிறது. தாங்கிக்கொண்டிருந்த காற்று திடீரென இல்லாமற்போக, அவர் சரக்குந்தின் பக்கமே சாய நேர்கிறது. வண்டி கடந்த மறுகணம் காற்று மீண்டும் அறைந்து, அவரைச் சாலைக்கு வெளியே தள்ளுகிறது. ஓட்டுநர் ஒன்றும் அறியார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அமர்ந்திருப்பவருக்கு வெளியே காற்று வீசுவதே தெரியாது.

நான்குவழிச் சாலைகள் நாட்டிற்குத் தேவையே, மறுப்பாரில்லை. ஆயினும் பல இடங்களில் ஓரத்துக் கோட்டிற்கு வெளியே மிதிவண்டிக்கென எஞ்சுவது ஓரிரு முழ அகலமே. அதிலும் மணலும் உடைந்த கண்ணாடித் துண்டும் குவிந்து கிடக்கும். சில இடங்களில் பழுதுபட்ட சரக்குந்து அவ்விடத்தையும் அடைத்து நிற்கும். ஓரத்தில் செல்ல இடமில்லாதபோது, "ஓரமாகப் போக மாட்டாயா?" என்று கடிந்துகொள்வது எங்ஙனம் நியாயமாகும்?

நெதர்லாந்து நாட்டிலும் காற்று கடுமையானதே. மலை என்று சொல்லத்தக்கது அங்கு அரிது. கடற்காற்றே அவர்களுக்கு மலையேற்றம். 2013-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் எதிர்காற்று மிதிவண்டிப் போட்டி ஒன்று நடைபெறுகிறது. ஓஸ்டர்ஸ்கெல்டெ என்னும் கடலடைப்பின் மேல் 8.5 கிலோமீட்டர் தொலைவை, பற்சக்கர மாற்று வசதி எதுவும் இல்லாத சாதாரண மிதிவண்டியில் கடக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் நாள் வருமெனத் தெரிந்த பின்னரே நாள் குறிக்கின்றனர். இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. அங்கே பரிசுக்காக ஆண்டில் ஒருநாள் செய்வதை, இங்கே நம் கொத்தனாரும் சித்தாளும் கூலிக்காக நான்கு மாதமும் செய்கின்றனர். அவர்களுக்குக் கைதட்டுவாரில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் மிகுந்த அந்நாட்டில், மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் சுமார் 35,000 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைக்கப்பட்டுள்ளன. காற்று அவர்களைத் தள்ளினாலும், சரக்குந்தின் சக்கரத்தடியில் தள்ளுவதில்லை.

காற்று ஓய்ந்தால் மழை

ஐப்பசி பிறந்தால் மேல்காற்று ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து மழை வருகிறது. அப்போது வேறுவகைத் தொல்லை. நனைந்த சக்கர வளையத்தில் பிரேக் கட்டை வழுக்கும். பத்தடியில் நிற்க வேண்டிய வண்டி அதன்பின்னும் ஓடும். நீர் தேங்கிய சாலையில் பள்ளம் எது, தரை எது என்று தெரியாது. உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு கையால் பிடித்தபடி செல்வோரைக் காண்கிறோம். குடை பிடிப்பது அதனினும் தீது. ஒரு காற்று அடித்தால் குடை ஓட்டுபவரையே திருப்பிவிடும்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை அலைக்கழித்ததை நம் மக்கள் மறக்கவியலாது. கடலுக்குச் சென்றோரை இழந்த குடும்பங்களின் கண்ணீர் இன்னும் காயவில்லை. கரையிலோ மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகளை அடைத்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேருந்து செல்லவியலாத வேளையில், விழுந்த மரத்திற்கு மேலாகத் தோளில் தூக்கிக் கடத்தத்தக்க ஊர்தி மிதிவண்டி ஒன்றே. எரிபொருள் கேட்காத, மின்சாரம் கேட்காத அந்த எளிய வண்டியின் அருமை இத்தகைய நாள்களில்தான் விளங்குகிறது.

எளியோரின் ஊர்தி

மிதிவண்டி ஒருகாலத்தில் செல்வத்தின் அடையாளமாக இருந்தது. பெண் வீட்டார் சீராகக் கொடுத்ததும், ஊராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டியதும், விளக்கில்லாமல் வந்தால் காவலர் மறித்ததும் மூத்த வாசகர் நினைவில் இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து, எழுத்தறியாத சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டப் பயின்றனர். கல்லுடைப்போரும் கூலிப் பெண்களும் பிறர் துணையை எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் சென்றுவரத் தொடங்கினர். பின்னர் 2001-2002 கல்வியாண்டில் தமிழக அரசு மாணவியருக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கி, அத்திட்டத்தைப் படிப்படியாக விரிவாக்கியது. மேல்நிலைப் பள்ளி தொலைவில் உள்ளது என்ற காரணத்தால் படிப்பை நிறுத்திய காலம் அதனால் பெரிதும் மாறியது.

இன்று கடனுக்கேனும் மோட்டார் வண்டி வாங்குகிறோம். அது தவறன்று. ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளில் உள்ளோர் வேலைக்கு எவ்வாறு செல்கின்றனர் என்று கேட்டறிந்தபோது, நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் மிதிவண்டியில் செல்வதாக அறியப்பட்டது. அதற்குப் பின் அவர்கள் தொகை குறைந்திருக்கலாம். சாலையைப் பார்ப்பவருக்கு அவ்வாறுதான் தோன்றும். ஒன்று மட்டும் உறுதி. மற்றவர் மாறிய பின்னும் மிதிவண்டியிலேயே செல்பவர், பெரும்பாலும் மாற இயலாதவரே. எண்ணிக்கை குறையக் குறைய அவர் கண்ணுக்குத் தெரியாதவராகிறார். சாலை வரைபவரும் அவரை மறக்கிறார், நாமும் மறக்கிறோம்.

முந்தைய தலைமுறைக் குருக்கள் இதனை மறந்திருக்க வழியில்லை. அங்கியின் நுனி சங்கிலியில் சிக்காதபடி மடித்துச் செருகிக்கொண்டு, கிளைப்பங்குகளுக்கு மிதிவண்டியில் சென்றவர்கள் அவர்கள். உபதேசியாரும் அவ்வாறே. எதிர்காற்றில் வருபவர் ஏன் தாமதமாக வருகிறார் என்று அவர்கள் கேட்கத் தேவையில்லை, தாமே அறிந்திருந்தனர். இக்கணவாயையடுத்து எழும் குன்றுக்குக் காற்றாடிமலை என்பது பெயர். காற்றாலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வழங்கிய பெயர் அது. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் புனித தேவசகாயம் அங்கேதான் உயிர் ஈந்தார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்த பின்னர், வண்டி வண்டியாகத் திருப்பயணிகள் அங்கு வருகின்றனர். அவ்வண்டிகளும் மிதிவண்டிக்காரர் செல்லும் இதே சாலைகளின் வழியே விரைகின்றன என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

நாம் செய்யத்தக்கவை

காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. ஆனால் அவன் தண்டும் சுங்கத்தைக் குறைக்க நம்மால் ஆகும்.

வாகனம் ஓட்டும் அன்பர்களே! காற்றுக் காலத்தில் மிதிவண்டியைக் கடக்கும்போது ஓர் ஆள் உயர அளவேனும் இடைவெளி விட்டு, விரைவைக் குறைத்துக் கடந்து செல்லுங்கள். அருகில் வந்து ஒலிப்பானை அலறவிடாதீர்கள். அவர் ஆடி அசைவது குடியினால் என்று எண்ணிவிடாதீர்கள், காற்றினாலும் ஆகலாம்.

தொழில் நடத்தும் குடும்பத்தாரே! உங்கள் சூளையிலும் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் மிதிவண்டியில் வருபவர் யார் யார் என்று ஒருமுறை கேட்டறியுங்கள். மாலையில் எதிர்காற்றில் செல்ல வேண்டியவரை, ஆனி ஆடி மாதங்களில் அரை மணி முன்னதாகக் கூலி குறைக்காமல் அனுப்புங்கள். இருட்டுமுன் அவர் வீடு சேர்வார். காலையில் எதிர்காற்றில் வருபவர் கால் மணி நேரம் தாமதித்தால், வருகைப் பதிவில் அதற்குத் தண்டனை எழுதாதீர்கள். வண்டிக்கு ஒரு சிவப்புப் பின்விளக்கு வாங்கிக் கொடுப்பதற்கு ஆகும் செலவு, ஒருவேளை விருந்துச் செலவினும் குறைவு.

சாலையோரம் வீடும் கடையும் உடையவர்களே! உங்கள் கிழக்குச் சுவரின் மறைவில் ஒரு பலகையும் ஒரு பானைத் தண்ணீரும் வையுங்கள். காற்று மறைவில் அமரும் ஐந்து நிமிடம் அவர்களுக்குப் பெரும் செல்வம். ஊராட்சிக் கூட்டத்திற்குச் செல்வோர், சாலை ஓரத்து மணலை அகற்றவும், புதிய சாலை வரும்போது மிதிவண்டிக்கென ஓரிடம் ஒதுக்கவும் எழுந்து நின்று கேளுங்கள். மிதிவண்டியில் செல்பவர் அக்கூட்டத்திற்கு வர இயலாது. அந்நேரத்தில் அவர் எதிர்காற்றில் மிதித்துக்கொண்டிருப்பார்.

வரிசையில் செல்லும்போது வலியவர் முன்னே சென்று காற்றை ஏற்பதும், மெலியவர் பின்னே வருவதும் அவர்கள் வழக்கம் என்று கண்டோம். மகிழுந்தும் மோட்டார் வண்டியும் உடைய நாம் அவர்களைவிட வலியவர்கள். இவ்வாண்டு ஆடிக்காற்று தொடங்குமுன், நாமும் சிறிது முன்னே சென்று அவர்களுக்குக் காற்று மறைவாக நிற்போமாக.